பதினேழாம் மேசையில் ஒரு காற்றாலை

மலருடைய வலது மணிக்கட்டைப் பற்றிய கோப்பு ஜொகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் பதினொன்றாம் மாடியில் இருக்கிறது. நூற்று எண்பத்திரண்டு பக்கங்கள். அவற்றில் மணிக்கட்டு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. காற்று என்ற சொல் எழுநூறு தடவைக்கு மேல் வருகிறது.

கோப்பை வைத்திருப்பது தென்வட்டாரப் புத்தாக்க வகைப்பாட்டு மையம். புதிதாக எதையாவது செய்தவர்கள் முதலில் அதை இங்கே கொண்டுவர வேண்டும். அது வேலை செய்கிறதா என்று மையம் பார்ப்பதில்லை. எந்த வகையைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும். வகை சொல்லப்படாத பொருள் உலகத்தில் இருக்கலாம், ஆனால் யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. மின்தூக்கியிலிருந்து வெளியே வந்ததும் எதிர்ச்சுவரில் பித்தளை எழுத்துகள் தெரியும்: 'வகையே வளர்ச்சி.' 'ர்' இல் இருந்த புள்ளி எப்போதோ விழுந்துவிட்டது. புள்ளி எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று முடிவாகாததால் யாரும் அதைத் திரும்ப ஒட்டவில்லை.

ரூபேந்திரன் மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். அவன் மனைவி மலர் அங்கேயே துளையிடும் பிரிவில் பதினேழாம் மேசையில் நின்றாள். நாற்காலிக் கால்களில் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு துளைகள் போடுவாள்.

அங்கே உள்ள துளைப்பான்கள் காற்றில் ஓடுபவை. பின்கட்டில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்திக் குழாய் வழியாக மேசைகளுக்கு அனுப்பும். விசையை அழுத்தினால் துளைப்பான் சீறிக்கொண்டு சுற்றும். ரப்பர் மரத்தில் கணு இருந்தால் முனை அதில் சிக்கி நின்றுவிடும். முனை நிற்கும், காற்று நிற்காது. அப்போது துளைப்பான் திரும்பும், அதைப் பிடித்திருக்கும் கையும் சேர்ந்து திரும்பும். ஒரே ஆண்டில் மூன்று பெண்களுக்கு இப்படி மணிக்கட்டு முறிந்தது. மூன்றாவது ஆள் தனலெட்சுமி. இப்போது பேக்கிங் பிரிவில் உட்கார்ந்து இடது கையால் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள்.

முனை சிக்கினால் தானாக வழுக்கிவிடும் துளைப்பான்கள் கடையில் உண்டு. தொழிற்சாலை வாங்கி வைத்திருந்தவை அந்த ஏற்பாடு இல்லாத பழையவை. ரூபேந்திரன் அவற்றின் மூக்கில் மாட்டக்கூடிய ஒரு பல்வளையம் செய்தான். உள்ளே எட்டு எஃகுக் குண்டுகள், ஒரு சுருள்வில். முனை சிக்கியதும் குண்டுகள் தங்கள் குழியிலிருந்து ஏறி அடுத்த குழியில் விழும். டக், டக், டக் என்று சத்தம் வரும். துளைப்பான் கையில் ஆடாமல் இருக்கும்.

மலரின் துளைப்பானில் அதை மாட்டி, வேண்டுமென்றே ஒரு கணுவில் இறக்கச் சொன்னான். டக், டக், டக். மலர் கையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பூனை மாதிரி சும்மா இருக்குங்க" என்றாள்.

அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் அபூபக்கர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, ரூபன். ஆனா நம்பர் இல்லாம ஒரு ஸ்க்ரூ கூட மாட்ட முடியாது லா. இன்சூரன்ஸ்காரன் என்னைத் தின்னுடுவான். ஜேபிக்குப் போயி அந்த மையத்துல நம்பர் வாங்கிட்டு வா. நாப்பத்தாறு மேசைக்கும் போட்டுடலாம்."

நம்பருக்குக் காத்திருந்த மாதங்களில், மையத்துக்கு எடுத்துப்போகும் நாள்கள் தவிர, வளையம் பதினேழாம் மேசையிலேயே இருந்தது. அபூபக்கர் அந்தப் பக்கம் வரும்போது வேறு எங்காவது பார்த்துக்கொள்வார்.

மையத்தின் விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பின் பெயரை மலாயில் இரண்டு சொல்லுக்கு மிகாமல் எழுத வேண்டும். காற்றுத் துளைப்பானுக்கு மலாயில் 'கெருடி அங்ஙின்' என்று பெயர். கெருடி துளைப்பான், அங்ஙின் காற்று. ரூபேந்திரன் அப்படியே எழுதினான். முகப்பில் இருந்த பிரேமலா என்ற பெண் அதைக் கணினியில் தட்டினாள். கணினி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சையாக ஒரு கோடு காட்டியது.

"காற்றாலைக்குப் போயிருச்சுண்ணே."

"என்ன காற்றாலை? இது டிரில்லு."

"தெரியுதுண்ணே. ஆனா அங்ஙின்னு வந்தா கம்ப்யூட்டர் காத்து வகையிலதான் போடும். காத்து வகையில உள்ளுக்க ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. காற்றாலை."

"அப்ப மாத்திடுங்க, தங்கச்சி."

"மாத்தணும்னா இத வாபஸ் வாங்கணும். வாபஸ் வாங்கினா அதே பொருளுக்கு மூணு வருஷம் மனு போட முடியாது. பேனல்ல சொல்லிப் பாருங்க. அவங்க படிச்சவங்க."

படிச்சவர்கள் மூன்று பேர். நடுவில் முதன்மை வகைப்பாட்டாளர் டாக்டர் உபைத். அவருக்கு வலப்பக்கம் யோகேஸ்வரி. தோட்ட அலங்காரத்தில் டிப்ளோமா வாங்கியவர் என்பதால் திறந்தவெளி சம்பந்தப்பட்ட எல்லாக் கண்டுபிடிப்புகளையும் அவர் பார்த்துக்கொண்டார். இடப்பக்கம் கவின். அவர் பேசவில்லை. முதல் அமர்வு முழுவதும், வளையம் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் அவருடைய கண் மட்டும் போனது.

ரூபேந்திரன் துளைப்பானையும் வளையத்தையும் மேசைமேல் வைத்தான்.

"இறக்கை எங்க?" என்றார் யோகேஸ்வரி.

"இறக்கை இல்லைங்க மேடம். இது டிரில்லு. காத்து டிரில்லு."

"இறக்கையில்லாக் காற்றாலை" என்று எழுதிக்கொண்டார். "இதுவே ஒரு தனிச் சிறப்புத்தான். டாக்டர், கவனிச்சீங்களா?"

டாக்டர் உபைத் கவனித்ததாகத் தலையசைத்தார். பொருளை அவர் தொடவில்லை.

"நான் இருபத்தாறு வருஷமா வகைப்படுத்துறேன், ரூபேந்திரன். இதுவரைக்கும் ஒரு பொருளையும் தொட்டதில்ல. தொட்டா பாரபட்சம் வந்துடும். சொல்லுங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"டாக்டர், இது காற்றாலை இல்லைங்க. கம்ப்ரஸர் காத்துல ஓடுற டிரில்லு. பிட்டு சிக்கினா கை முறுக்கிக்குது. அத நிறுத்தத்தான் இந்த வளையம்."

"காத்துல ஓடுதா?"

"ஓடுதுங்க."

"காத்துல ஓடுறதுக்கு என்ன பேரு?"

ரூபேந்திரன் துளைப்பானில் காற்றுக் குழாய் மாட்டும் வாயைத் தொட்டுக் காட்டினான்.

"காத்து ஒண்ணுதான்" என்று டாக்டர் உபைத் கனிவோடு சொன்னார். "தண்ணி பைப்புல வந்தா அதுக்கு வேற பேரா வைக்கிறோம்? குழாய்க்குள்ள போறதால காத்து தன் குணத்தை விட்டுடாது. நீங்க குழாயைப் பாக்குறீங்க. நாங்க காத்தைப் பாக்குறோம். அதனாலதான் நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க, நாங்க இந்தப் பக்கம் உக்காந்திருக்கோம்."

யோகேஸ்வரி பேனாவை உயர்த்தினார். "இந்தக் காத்து யாருது?"

"கம்பெனி கம்ப்ரஸர்லேர்ந்து வருதுங்க."

"அப்ப கம்பெனியோட காத்து. உரிமையாளர்கிட்ட சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாங்க."

சம்மதக் கடிதத்தின் வாசகத்தையும் மையமே மலாயில் அச்சடித்துக் கொடுத்தது: 'என்னுடைய காற்றை இவர் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.' தொழிற்சாலையின் முதலாளியான தவுக்கேக்கு முந்தின வருடம்தான் பக்கவாதம் வந்திருந்தது. பக்கவாதத்தையும் மலாயில் அங்ஙின் என்றுதான் சொல்வார்கள். தவுக்கே கடிதத்தை இரண்டு முறை படித்தார். அசையாமல் தொங்கிய தன் வலது கையைப் பார்த்தார். "எடுத்துக்கட்டும், முழுசா எடுத்துக்கட்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

களச்சோதனை மெர்சிங் கடற்கரையில் நடந்தது. ஜனவரி மாதம், வடகிழக்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. துளைப்பானை ஒரு முக்காலியில் கட்டி, மூக்கு கடலைப் பார்க்குமாறு நிறுத்தினார்கள். குழாய் மாட்ட அனுமதி இல்லை. கம்ப்ரஸர் காற்று செயற்கைக் காற்று, அதற்குத் தனி விதி இருக்கிறது, அந்த விதி இன்னும் எழுதப்படவில்லை என்றார் யோகேஸ்வரி.

மூன்று மணி நேரம் எல்லோரும் துளைப்பானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொப்பிகள் பறந்தன. டாக்டர் உபைத்தின் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்து நெத்திலிகள் பறந்துபோய் மணலில் விழுந்தன. ஒரு மீன்பிடிப் படகின் கொடி நாராகக் கிழிந்தது. துளைப்பான் அசையவில்லை. கவின் மட்டும் ஒரு முறை குனிந்து, காலில் இடறிய சிப்பி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தார்.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. 'காற்றின் ஒத்துழைப்பு போதவில்லை.'

"உங்க காற்றாலையில ஒரே ஒரு குறைதான், ரூபேந்திரன்" என்றார் டாக்டர் உபைத் அடுத்த அமர்வில். "சுத்த மாட்டேங்குது."

அன்று வீட்டுக்கு வந்த ரூபேந்திரன் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு பெயின்ட் டிரம்மை வெட்டி ஆறு இறக்கைகள் செய்தான். சைக்கிள் அச்சு ஒன்றில் அவற்றைப் பூட்டினான். பதினேழாம் மேசையில் இருப்பதைப் போலவே இன்னொரு வளையம் கடைந்து, இறக்கைக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டினான். புயல்காற்று அடித்தால் வளையம் வழுக்கும், இறக்கை முறியாது. கேட்டதைச் செய்து கொடுத்தால் நம்பர் வந்துவிடும், நம்பர் வந்தால் அது துளைப்பானுக்கும் ஆகும் என்று அவன் நம்பினான். நேர்மையான தொழிலாளி, பல்சக்கரங்கள் மட்டுமே தெரிந்தவன்.

மலர் துணி காயப்போட வந்தவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுல நான் எந்த எடத்துலங்க கைய வைக்கணும்?"

"சிரிக்காத, மலர்."

"நான் சிரிக்கல."

பேனல் சிரித்தது. மகிழ்ச்சியில் சிரித்தது. காற்றாலை சுற்றியது. பெரிய விசிறி ஒன்றை வைத்து வேகத்தைக் கூட்டியபோது வளையம் டக், டக், டக் என்று வழுக்கியது, இறக்கைகள் நிதானமாக இருந்தன. யோகேஸ்வரி கை தட்டினார். கடைசியாகப் பதினாலாம் நம்பர் போராங்கை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றார்கள். போராங் என்றால் படிவம், அதை அங்கே யாரும் படிவம் என்று சொல்வதில்லை.

போராங்கில் ஒன்பதாவது கேள்வி: 'இக்கண்டுபிடிப்பு தற்சமயம் எங்கேனும் இயங்குகிறதா?'

"இல்லன்னு போடுங்க" என்றாள் மலர்.

"பொய் எழுதினா குத்தம்னு கீழ போட்டிருக்கான், பாரு."

"அப்ப எழுதாம விடுங்க."

"காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. பதினாலு மாசம் ஓடிருச்சு, மலர். இன்னொரு தடவ என்னால முடியாது."

அவன் பேனாவை எடுத்தான். பிறகு அழகான கையெழுத்தில் எழுதினான்: 'ஆம். பதினேழாம் மேசை.'

பத்தாம் நாள் மையத்தின் வேன் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றது. யோகேஸ்வரியும் கவினும் தலைக்கவசம் அணிந்து இறங்கினார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புகள் எட்டு இறக்கப்பட்டு, பதினேழாம் மேசையைச் சுற்றி வைக்கப்பட்டன. யோகேஸ்வரி அளவுநாடாவை விரித்தார். அபூபக்கர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பதிவாகாத காற்றாலை ஒண்ணு, கூரைக்குக் கீழ ஓடுது" என்று யோகேஸ்வரி சத்தமாகச் சொல்ல, கவின் எழுதிக்கொண்டார். "குடியிருப்புத் தூரம் அளக்கல. விமான எச்சரிக்கை விளக்கு இல்ல. பறவைகளுக்கு எச்சரிக்கைப் பலகை இல்ல."

பதினெட்டாம் மேசையில் இருந்த ராசம்மா துளைப்பானைக் கீழே வைத்தாள். "மேடம், இங்க பறவைன்னு பாத்தா நாங்க நாப்பத்தாறு பேருதான். எங்களுக்குப் படிக்கத் தெரியும், பலகைய மாட்டிட்டுப் போங்க."

பெண்கள் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் புன்னகைத்துவிட்டு, 'பறவைகள்: 46' என்று எழுதச் சொன்னார்.

பிறகு வளையத்தைக் கழற்றச் சொன்னார். பதிவு முடியும் வரை மாதிரிப் பொருள் மையத்தின் காவலில் இருக்க வேண்டும். கவின்தான் கழற்றினார். பழகிய கையைப் போல, முதலில் காற்றுக் குழாயை மூடிவிட்டு, இடப்பக்கம் திருகி ஒரே இழுப்பில் எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுத் திருப்பினார். டக் என்றது. பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினார்.

"மேடம்" என்றாள் மலர். "இத எடுத்துட்டீங்கன்னா என் கை?"

யோகேஸ்வரி போராங்கைப் புரட்டினார். அக்கறையோடுதான் புரட்டினார். இரண்டாம் முறையும் புரட்டினார்.

"கைக்கு இதுல பகுதி இல்லம்மா. கைக்குன்னு தனியா ஒரு மனு போடலாம். ஆனா கை புதுக் கண்டுபிடிப்பு இல்ல. எடுத்துக்க மாட்டாங்க."

அன்று மாலையே ரூபேந்திரன் அபூபக்கர் முன்னால் போய் நின்றான். மலரைப் பேக்கிங்குக்கு மாற்றச் சொன்னான்.

"பேக்கிங்ல எடம் எங்க இருக்கு, ரூபன்? ஏற்கெனவே மூணு கையொடிஞ்சவங்கள அங்கதான் வச்சிருக்கேன். கையொடிஞ்சா சொல்லு, கண்டிப்பா மாத்தித் தரேன்."

அபூபக்கர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதுதான் தொழிற்சாலையின் விதி.

ரூபேந்திரன் இன்னொரு வளையம் கடைய ஆரம்பித்தான். மையத்திடம் இருப்பவை தவிர வேறு மாதிரிப் பொருள் இல்லை என்று மையத்தில் சத்தியக் கடிதம் கொடுத்திருந்ததால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டு நேரத்திலும் தேநீர் நேரத்திலும் மட்டும் செய்தான். மெதுவாகப் போடு என்று மலரிடம் சொல்லியிருந்தான். மலர் மெதுவாகத்தான் போட்டாள். ஆனால் மேசைமேல் உள்ள எண்ணிக்கைப் பலகை மெதுவாக ஓடுபவளின் எண்ணைச் சிவப்பில் காட்டும்.

வியாழக்கிழமை, காலைத் தேநீர் முடிகிற நேரம். ரூபேந்திரன் நான்காவது குண்டைக் குழிக்குள் வைத்திருந்தான். இன்னும் நான்கு பாக்கி. ராசம்மாவின் குரல் கேட்டது. அவள் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அவன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல எழுந்து ஓடினான்.

கணு மேலே தெரியாமல் மரத்துக்குள் இருந்திருக்கிறது. துளைப்பான் ஒன்றரைச் சுற்றுத் திரும்பியிருந்தது. மலர் நின்றுகொண்டுதான் இருந்தாள். வலது கை மணிக்கட்டுவரை வழக்கம்போல் இருந்தது, அதற்கப்புறம் வேறு யாருடைய கையோ போல இன்னொரு திசையைப் பார்த்தது.

"விசைய விட்டுட்டேங்க" என்றாள். "நான் உடனே விட்டுட்டேன்."

மருத்துவமனையில் உலோகத் தகடும் ஏழு திருகாணிகளும் வைத்தார்கள். எலும்பில் எப்படித் துளை போடுவீர்கள் என்று ரூபேந்திரன் மருத்துவரிடம் கேட்டான். காற்றில் ஓடும் துளைப்பான் என்றார் மருத்துவர், இவன் ஏன் இதையெல்லாம் கேட்கிறான் என்று பார்த்தபடி. முனை சிக்கினால் தானாக நின்றுவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். கட்டைவிரல் மட்டும் பழையபடி மடங்காது. மற்ற நான்கும் மடங்கலாம், காலப்போக்கில்.

அபூபக்கர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மலருக்குப் பேக்கிங்கில் இடம் கிடைத்தது.

மையத்தின் கடிதம் ஐந்து வாரம் கழித்து வந்தது. பதிவு எண், முத்திரை, வாழ்த்து, எல்லாம் இருந்தன. ரூபேந்திரன் அதை அபூபக்கரிடம் கொடுத்தான். அபூபக்கர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான்காம் பத்திக்கு வந்ததும் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, பாதியில் குரலைத் தாழ்த்திவிட்டார்.

'மேற்படி வளையம் காற்றாலைப் பல்லிணைப்பாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. வேறெந்தக் கருவியிலும் பொருத்தலாகாது. குறிப்பாக, ஆய்வின்போது இது துளையிடும் கருவி ஒன்றில் தவறுதலாகப் பொருத்தப்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. இத்தகைய தவறு மீண்டும் நிகழ்ந்தால் பதிவு ரத்தாகும்.'

"அலமாக்" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார் அபூபக்கர். "நம்பர் இருக்குது, ரூபன். ஆனா காற்றாலை நம்பர்."

விழா மையத்தின் மொட்டைமாடியில் நடந்தது. அங்கிருந்து பார்த்தால் பாலத்தில் சிங்கப்பூருக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்பது தெரியும். அன்று காற்றே இல்லை. கம்பத்தில் கொடி ஈரத்துணி போலத் தொங்கியது. ரூபேந்திரனின் காற்றாலைக்கு வெள்ளைச் சாயம் அடித்து, மேடை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். பதினேழாம் மேசையிலிருந்து எடுத்த வளையத்தைத்தான், அதுவே மூல மாதிரி என்பதால், அதில் பூட்டியிருந்தார்கள்.

வாசலில் பிரேமலா ரேகைக் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். விழாவில் கண்டுபிடிப்பின் பயனாளி ஒருவர் பதிவாக வேண்டும். ரூபேந்திரன் மலரின் பெயரைக் கொடுத்திருந்தான். எதற்குக் கொடுத்தான் என்று அவனுக்கே தெளிவாகத் தெரியவில்லை. கையை அவர்கள் ஒரு முறையாவது பார்க்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

"ஐசி கார்டக் குடுங்கக்கா. வலது கட்டைவிரல இதுல வைங்க."

மலர் கையை வைத்தாள். கட்டைவிரல் கண்ணாடியில் படியவில்லை, ஓரத்தில் நட்டுக்கொண்டு நின்றது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்தாள். உதட்டைக் கடித்தாள். கருவி சிவந்தது.

"இடது விரல் வைக்கட்டுமா?"

"பயனாளிக்கு வலதுதான்க்கா செட் பண்ணியிருக்காங்க." பிரேமலா குனிந்து மெதுவாகச் சொன்னாள், "நான் என்னக்கா செய்வேன்?"

டாக்டர் உபைத் அந்தப் பக்கம் வந்தார். கருவியின் சிவப்பைப் பார்த்தார். மலரைப் பார்க்கவில்லை. பாரபட்சம் வந்துவிடும்.

"பரவால்ல, பயனாளி வருகை தரலன்னு போட்டுடு."

பிரேமலா போட்டாள். வருகை தராத மலருக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. மூவாரில் செய்த நாற்காலி. உட்காருவதற்கு முன் அதன் காலில் இருந்த துளையை மலர் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் உபைத் ஒலிபெருக்கி முன்னால் நின்றார்.

"பதினாறு மாசத்துக்கு முன்ன ஒரு தொழிலாளி நம்மகிட்ட வந்தாரு. கையில ஒரு சின்ன வளையம். அது என்னன்னு அவருக்கே தெரியல. டிரில்லுன்னு சொன்னாரு." கூட்டம் சிரித்தது. அவர் கையை உயர்த்தி அடக்கினார். "சிரிக்காதீங்க. தான் என்ன செஞ்சோம்னு தெரியாத ஆளுக்கு அதச் சொல்லித் தர்றதுதான் இந்த மையத்தோட வேலை. நாங்க ஒரு ஆணியும் செஞ்சதில்ல, பெருமையா சொல்றேன். ஆனா எங்க கையெழுத்து இல்லாம இந்த வட்டாரத்துல ஒரு ஆணியும் இறங்க முடியாது. ஒருத்தர் கையில தவறா இருந்த பொருளை அதோட சரியான எடத்துக்குக் கொண்டாந்து வச்சிருக்கோம். யாருக்கும் ஒரு சேதமும் இல்லாம."

கைத்தட்டல் ஓயும்வரை ரூபேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கவின்.

"டிரில்லுக்குத்தானே செஞ்சீங்க?"

அந்தக் குரலை ரூபேந்திரன் முதன்முறையாகக் கேட்டான். மென்மையான, நல்ல குரல்.

"ஆமாங்க சார்."

"முதல் நாளே தெரியும். நான் ஒர்க்‌ஷாப்புல இருந்தவன். ரொம்ப நல்ல வேலை."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

கவின் பாலத்தைப் பார்த்தார். பாலத்தில் ஒரு லாரி நகர்ந்து, மறுபடி நின்றது.

"நான் பார்வையாளர் பிரிவு" என்றார். "பாக்குறது மட்டும்தான்."

காற்று வரவில்லை. யோகேஸ்வரி வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கீழே யாருக்கோ கை காட்டினார். வாடகைக்கு எடுத்த கம்ப்ரஸர் கீழே வாகன நிறுத்தத்தில் உறுமத் தொடங்கியது. பதினோரு மாடிக்கும் மேலே ஏற்றிவிட்ட கறுப்புக் குழாய் பாம்பு போல விறைத்துக்கொண்டது. ஓர் ஊழியர் அதன் வாயை இறக்கைகளுக்கு நேராகப் பிடித்தார்.

காற்றாலை சுற்றியது. எல்லோரும் கைப்பேசிகளை உயர்த்தினார்கள். ஊழியர் உற்சாகத்தில் குழாயை முழுவதும் திறந்துவிட்டார். இறக்கைகள் ஒரு கணம் மிரண்டு அதிர்ந்தன. முன்வரிசையில் சிலர் பின்வாங்கினார்கள்.

டக், டக், டக்.

வளையம் வழுக்கியது. எட்டுக் குண்டுகளும் குழியிலிருந்து ஏறி அடுத்த குழியில் ஒழுங்காக விழுந்தன. டாக்டர் உபைத் கண்களை மூடிக்கொண்டார். "இந்தச் சத்தத்தைக் கேளுங்க" என்றார் ஒலிபெருக்கியில். "தயவுசெஞ்சு எல்லாரும் அமைதியா கேளுங்க."

எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். மலரும் கேட்டாள். அந்தச் சத்தம் வந்ததும் அவளுடைய வலது கை பழக்கத்தில் ஏதோ ஒரு விசையை விடுவதுபோல் மடியில் லேசாகத் துடித்தது. நான்கு விரல்கள் விரிந்தன. கட்டைவிரல் அப்படியே நின்றது. இடது கையால் அதை மூடிக்கொண்டாள்.

"நல்லா வேலை செய்யுதுங்க" என்றாள் ரூபேந்திரனிடம்.

கம்ப்ரஸரை நிறுத்தினார்கள். யோகேஸ்வரி கிட்டப்போய்க் குனிந்து, ஆறு இறக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.